நடக்கக் கூடாததை எழுதிப் பழகுங்கள்

மென்பொருள் சோதனை என்றதும் திண்டுக்கல் பக்கம் இன்னும் ஓர் எண்ணம் வேரோடிக் கிடக்கிறது. கோடிங் வராதவர்கள் ஒதுங்குகிற இடம், நல்ல வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்குப் பார்க்கிற வேலை என்கிறார்கள். திரையைத் திறந்து, பட்டனை அழுத்தி, சரியாக வருகிறதா என்று பார்த்து எக்செல் ஷீட்டில் ‘பாஸ்’ என்று நிரப்பும் வேலைக்கு அந்தப் பேச்சு ஒருகாலத்தில் பொருந்தியது. அந்த வேலை இப்போது வேகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் முறை அழுத்திப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

கரையாத வேலை வேறொன்று இருக்கிறது. காரின் பிரேக், ரயிலின் சிக்னல், மருத்துவமனையில் மருந்து ஏற்றும் பம்ப், மின்ஸ்கூட்டரின் பேட்டரி, நூற்பாலையின் எந்திரம் ஆகியவற்றுக்குள் ஓடும் மென்பொருள் தவறினால் ஆளுக்கு அடிபடும், சில சமயம் உயிரே போகும். ஆகவே இந்தத் துறைகளின் தரநிலைகள் சோதனைச் சான்று இல்லாத மென்பொருளை ஏற்பதில்லை. எந்தத் தேவைக்கு எந்தச் சோதனை, யார் எப்போது நடத்தினார், என்ன முடிவு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு கேட்கின்றன. இந்த வேலைக்கு வேண்டிய தகுதியில் பாதி திண்டுக்கல் வட்டாரப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இ.இ.இ., இ.சி.இ., மெக்கானிக்கல் படித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், காந்திகிராமத்திலோ வேறெங்கோ எம்.சி.ஏ. படிப்பவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டு வகைத் தேவை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூட்டுக்கு என்ன வேலை? தன் சாவிக்குத் திறக்க வேண்டும், அடுத்த சாவிக்குத் திறக்கக் கூடாது. முதல் பாதியைச் சோதிக்க ஒரே ஒரு சாவி போதும். இரண்டாம் பாதிக்கு எத்தனை சாவி போட்டுப் பார்ப்பது? கம்பி விட்டால், தட்டினால், துரு ஏறினால் என்னாகும்? மென்பொருளிலும் இப்படித்தான். செய்ய வேண்டியதைச் சொல்வது செயல்பாட்டுத் தேவை. எந்த நிலையிலும் நடக்கவே கூடாததைச் சொல்வது பாதுகாப்புத் தேவை.

புதிதாக வருகிறவர்கள் எழுதும் டெஸ்ட் கேஸ்களைப் பார்த்தால் பெரும்பாலும் முதல் வகைதான். பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போகிறது, பட்டன் அழுத்தினால் விளக்கு எரிகிறது, அவ்வளவோடு நின்றுவிடும். ஆளின் தரத்தைக் காட்டுவது இரண்டாம் வகை. அங்கே எந்திரத்தையும் அதைத் தொடும் மனிதரையும் தெரிந்து வைத்திருந்தால்தான் யோசனை ஓடும். எந்த டூலும் அதைச் சொல்லித் தராது. மில்லும் பட்டறையும் மோட்டாரும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில்தான் முன்னிலை.

கார்டிங் மூடி

வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைய. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மில்லுக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தால் இன்னும் நல்லது. “அண்ணே, கார்டிங் சிலிண்டர் நிற்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேளுங்கள். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் உருளை அது. ஒரு மீட்டருக்கும் அதிக விட்டம், மேலெல்லாம் கூரிய ஒயர் பற்கள், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று. ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும், சிலிண்டர் நிற்காது. அதன் எடையே அதைப் பல நிமிடம் சுற்ற வைக்கும். பஞ்சு அடைத்துக்கொண்டதென்று அந்த நேரத்தில் மூடியைத் திறந்து கைவிட்டால் விரல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் மூடிக்கு இன்டர்லாக்.

இதன் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் வேலை உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் தேவை ஒரே வரி: “எந்திரம் ஓடும்போது மூடி திறக்கக் கூடாது.”

லேப்டாப்பைத் திறக்காதீர்கள். முதலில் அந்த வரியோடு மல்லுக்கட்டுங்கள். ஓடுவது எது, மோட்டாரா சிலிண்டரா? புரோகிராம் எழுதியவர் மோட்டார் சிக்னலை வைத்து எழுதியிருந்தால், மோட்டார் நின்ற அடுத்த நொடியே பூட்டு விட்டுவிடும். தேவையின்படி அது சரிதான், சோதனையும் பாஸ் ஆகும். ஆனால் சிலிண்டர் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் கேள்வி கேட்டு அந்த வரியை இப்படி மாற்றி எழுத வைக்க வேண்டும்: “சிலிண்டர் முழுமையாக நின்றதை வேக உணரி உறுதி செய்யும்வரை மூடியின் பூட்டு விடுபடக் கூடாது.” ஒரு சோதனைகூட ஓடவில்லை, அதற்குள் ஓர் ஆபத்தைப் பிடித்துவிட்டீர்கள். இந்தத் துறையில் நல்ல டெஸ்டர்கள் பிடிக்கும் கோளாறுகளில் கணிசமானவை இப்படித் தாளிலேயே பிடிபடுபவை.

அடுத்தது உணரி. சிலிண்டர் சுற்றச் சுற்ற அது துடிப்புகளை அனுப்பும். துடிப்பு வராவிட்டால் வேகம் பூஜ்யம். ஆனால் ஒயர் அறுந்தாலும் துடிப்பு வராதே. நின்ற சிலிண்டரும் அறுந்த ஒயரும் மென்பொருளின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் அங்கே ஒரு விபத்து காத்திருக்கிறது. எனவே ஒரு சோதனை: முழு வேகத்தில் ஓடும்போது உணரியின் சிக்னலைத் துண்டிக்க வேண்டும். பூட்டு அப்படியே இருக்க வேண்டும், அலாரம் வர வேண்டும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அவ்வளவு கனமான சிலிண்டர் நொடியில் நிற்கவே முடியாது. முழு வேகத்திலிருந்து திடீரென்று பூஜ்யம் வந்தால் அது உணரிக் கோளாறு என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்கலாம். இரண்டாவது உணரியும் வைக்கலாம். இந்த யோசனை யாருக்கு முதலில் வரும்? சிலிண்டர் மெல்ல மெல்ல நிற்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு.

பிறகு கரண்ட். சிலிண்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பூட்டு தானாக விட்டுவிடக் கூடாது. ஸ்பிரிங் பூட்டியே வைத்திருக்க வேண்டும், விடுவிக்கத்தான் மின்சாரம் தேவைப்பட வேண்டும். மின்சாரம் திரும்பி வரும் கணம் இன்னும் முக்கியம். கட்டுப்பாட்டுப் பெட்டி புதிதாக எழுகிறது, நினைவகம் காலி, மோட்டார் நின்றிருக்கிறது, உணரியின் முதல் துடிப்பு இன்னும் வந்து சேரவில்லை. அந்த முதல் ஒரு நொடியில் பூட்டுக்கு என்ன உத்தரவு போகிறது? பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் இது. கோளாறுகள் குடியிருக்கும் இடமும் இதுதான்.

கடைசியாக அவசரம். ஷிப்ட் முடியும் நேரத்தில் மனிதர் ஸ்டாப், ஓப்பன், ஸ்டார்ட், மறுபடி ஓப்பன் என்று படபடவென்று அழுத்துவார். அந்த வரிசையையும் வேகத்தையும் சோதித்தீர்களா?

இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம். பைத்தானில் ஒரு போலி எந்திரம் எழுதுங்கள்: மெல்லக் குறையும் வேகம், ஓர் உணரி, ஒரு பூட்டு, ஒரு மின்சார ஸ்விட்ச். கட்டுப்பாட்டு நிரலைத் தனியாக வையுங்கள். மேலே யோசித்த ஒவ்வொன்றையும் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஒரு சோதனையாக்குங்கள். அதற்கு மேலே போக ஹைப்பாதிசிஸ் என்ற இலவச நூலகம் இருக்கிறது. அதற்கு உதாரணங்களை அடுக்க வேண்டியதில்லை, விதியை மட்டும் சொன்னால் போதும்: எது எந்த வரிசையில் நடந்தாலும், வேகம் பூஜ்யம் ஆகாதவரை பூட்டு மூடியே இருக்க வேண்டும். அது தானாகவே நூற்றுக்கணக்கான வரிசைகளை உருவாக்கி விதியை உடைக்கப் பார்க்கும். உடைந்தால், உடைக்கத் தேவையான மிகச் சிறிய வரிசையைச் சுருக்கிக் கையில் கொடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விதியில் சொல்லும் வேகம் போலி எந்திரத்தின் உண்மையான வேகமாக இருக்க வேண்டும், உணரி காட்டும் வேகமாக இருக்கக் கூடாது. உணரியின் எண்ணை வைத்தே மென்பொருளும் முடிவெடுத்து, அதே எண்ணை வைத்தே உங்கள் சோதனையும் சரிபார்த்தால், ஒயர் அறுந்த அன்றைக்கு இரண்டும் சேர்ந்து ஏமாறும், திரையில் பச்சை எரியும்.

பூட்டு விட மூன்று நிபந்தனை என்று வையுங்கள்: வேகம் பூஜ்யம், உணரி நலம், மோட்டார் ஆஃப். மூன்றும் சேர்ந்து மொத்தம் 8 நிலை. மூன்றும் சரியான நிலை ஒன்று, ஒவ்வொன்று மட்டும் தவறிய நிலை மூன்று என்று 4 சோதனையிலேயே ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனியாக மதிப்பிருக்கிறதா என்று காட்டிவிடலாம். மூன்றுக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை, எட்டையும் ஓட்டலாம். நிபந்தனை 20 ஆனால் நிலைகள் 10,48,576. இந்த முறையில் 21 சோதனை போதும். இதற்கு எம்.சி.டி.சி. என்று பெயர். விமான மென்பொருளில் மிக உயர்ந்த அபாய நிலைக்கு இதைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள். மனப்பாடம் செய்யாமல் கார்டிங் மூடியை வைத்தே விளக்கிவிடுங்கள்.

எல்லாம் பச்சையானதும் நிரலை வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஏதாவது ஒரு சோதனை சிவப்பாக வேண்டும். ஆகாவிட்டால் உங்கள் வலையில் ஓட்டை.

இதைச் செய்யத் தவறினால் என்ன ஆகும்

தெராக்-25 புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. உயிர்களும் போயின. முந்தைய மாடலில் கோளாறு வந்தாலும் தடுத்து நிறுத்த வன்பொருள் இன்டர்லாக் இருந்தது. புதியதில் அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். கை பழகிய ஆப்பரேட்டர் தவறாகப் போட்டதை எட்டு நொடிக்குள் திருத்திவிட்டால் திரை ஒன்று காட்டும், எந்திரம் வேறு நிலையில் நிற்கும். நிதானமாகத் தட்டிச் சோதித்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை. இன்னொரு கோளாறு, ஒரு பைட் அளவுள்ள எண்ணி (கவுன்டர்) 256ஆம் முறை பூஜ்யத்துக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்பு விட்டுப்போனது. வேகமும் ஓர் உள்ளீடுதான், எண்ணி சுற்றி வருவதும் ஒரு டெஸ்ட் கேஸ்தான் என்பதை இன்றைக்கும் எல்லாரும் இதை வைத்தே கற்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் சந்திரயான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. இஸ்ரோ தலைவராக இருந்த எஸ்.சோமநாத் பின்னர் காரணங்களை வெளிப்படையாகவே சொன்னார். இஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதைத் தடுத்தது, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். எல்லாம் சரியாக நடக்கும் என்ற கணக்கில் வகுத்த வடிவமைப்பை சந்திரயான்-3இல் மாற்றினார்கள். உணரி போனால், இஞ்சின் போனால், கணக்கீடு தவறினால் என்று தோல்விகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் லேண்டர் பிழைக்குமா என்று பார்த்தார்கள். உணரிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சோதித்தார்கள், உயரமான கிரேனில் தொங்கவிட்டு இஞ்சினும் உணரியும் சேர்ந்து இயங்குவதைச் சோதித்தார்கள். நிலவின் மண்ணுக்கு ஒத்த பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பக்கம் இருப்பதால், இஸ்ரோவின் சோதனைத் தளத்துக்கு அங்கிருந்து மண் போனது. விழுப்புரத்துக்காரரான ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்த லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. கார்டிங் உணரியின் ஒயரை அறுத்துப் பார்ப்பதும் இதே வேலைதான், அளவுதான் வேறு.

எதை முதலில் படிப்பது

டூலில் தொடங்காதீர்கள். செலினியம் முப்பது நாளில், கேனோ இருபது நாளில் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணத்தைக் கட்டிவிட்டு, தேவை ஆவணம் ஒன்றைக்கூட வாசிக்காமல் வெளியே வருகிறார்கள். நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

முதலில் தேவையை வாசிக்கவும் எழுதவும் பழகுங்கள். வீட்டு மோட்டார் பம்ப், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், ரயில்வே கேட் என எதையாவது எடுத்து, செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததுமாகத் தனித்தனியே எழுதுங்கள். ‘வேகமாக’, ‘சரியாக’, ‘உடனே’ போன்ற சொற்களை எண்ணாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ‘உடனே நிற்க வேண்டும்’ என்பதைச் சோதிக்க முடியாது, ‘2 நொடிக்குள் நிற்க வேண்டும்’ என்பதைச் சோதிக்கலாம்.

பிறகு பைத்தான், பைடெஸ்ட், கிட், கொஞ்சம் லினக்ஸ். ‘சி’ மொழியை விட்டுவிடாதீர்கள். எந்திரங்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் அதுதான், படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது வேண்டும். வாகனத் துறை ஆசை இருந்தால் கேன் பஸ் படியுங்கள். 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தகவல் பாதைதான் இன்றைக்கும் காருக்குள் பெட்டிக்குப் பெட்டி பேச உதவுகிறது. அதற்கான பெரிய டூல்களின் விலை மாணவர் கைக்கு எட்டாது. கவலை வேண்டாம். லினக்ஸிலேயே போலி கேன் பஸ் ஒன்றை உருவாக்கலாம், பைத்தானில் அதற்கு இலவச நூலகமும் இருக்கிறது. வன்பொருள் எதுவும் வாங்காமலே செய்தி அனுப்பி, இடையில் நிறுத்தி, கெடுத்து, தாமதப்படுத்திப் பார்க்கலாம்.

வகுப்பு வேண்டுமென்றால் என்.பி.டி.இ.எல்.லில் பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி. பேராசிரியர் மீனாட்சி டிசோசா நடத்தும் மென்பொருள் சோதனைப் பாடம் இருக்கிறது. கேட்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். சான்றிதழ்களில் பலரும் கேட்பது ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படை நிலை. அதில் 40 கேள்வி, 26 சரியானால் தேர்ச்சி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்க்கு 60 நிமிடத்தோடு கூடுதலாக 15 நிமிடம் உண்டு. அது வாசல்வரை கூட்டிப் போகும். உள்ளே போக உங்கள் புராஜெக்ட்தான் பேச வேண்டும்.

தரநிலைகளின் பெயரும் நோக்கமும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். பொதுவான அடித்தளம் ஐ.இ.சி. 61508. அதிலிருந்து கிளைத்தது வாகனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 26262. அது அபாயத்தை ஏ முதல் டி வரை பிரிக்கிறது, டி-தான் கடுமையானது. மருத்துவ மென்பொருளுக்கு ஐ.இ.சி. 62304, விமானத்துக்கு டி.ஓ.-178சி. ரயில்கள் மோதாமல் தடுக்கும் நம் ரயில்வேயின் ‘கவச்’ எஸ்.ஐ.எல்.-4 என்ற உச்ச நிலைக்குச் சான்று பெற்றது. 2022 மார்ச் 4 அன்று செகந்திராபாத் பக்கம் ரயில்வே அமைச்சர் தானே ஏறிய இஞ்சினை, முன்னால் இருந்த இஞ்சினுக்கு 380 மீட்டர் முன்பே அது நிறுத்திக் காட்டியது. டிவியில் வந்தது அந்த ஒரு காட்சிதான். அதற்குப் பின்னால் ஆய்வகத்தில் ஓடிய சோதனைகளில்தான் உங்களுக்கான வேலை இருக்கிறது.

வேலை தேடும்போது

திண்டுக்கல்லில் இருந்தே பார்க்கும்படியாக இந்த வேலை அதிகம் கிடைக்காது, ஊரை விட்டுப் போகத்தான் வேண்டியிருக்கும். அறுபது கிலோமீட்டரில் மதுரை. அங்கே ஹெச்.சி.எல்., ஹனிவெல் போன்றவை இருக்கின்றன. கோவையில் பாஷ். வாகனத் துறைக்கு சென்னையின் ஒரகடமும் மகேந்திரா சிட்டியும், மின்வாகனங்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி. மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏ.ஐ.எஸ்.-156 கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருள் சூடு ஏறும்போது என்ன செய்கிறது என்று சோதிப்பது இன்றைக்குத் தேடப்படும் திறமை. இ.இ.இ. படித்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

நேர்முகத் தேர்வில் “இந்த லிஃப்ட்டை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?” என்று கேட்டால், பட்டன் பட்டனாக அடுக்கத் தொடங்காதீர்கள். “சார், எத்தனை பேர் எடை, கரண்ட் போனால் என்ன செய்யணும்னு ரெக்கொயர்மென்ட் இருக்குங்களா?” என்று திருப்பிக் கேளுங்கள். கேள்வி கேட்கிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருட அனுபவம் இருப்பதாகப் பொய்ச் சான்று தயார்செய்து கொடுக்கும் ஆட்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அண்ணன், அக்கா யாராவது அப்படிச் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கலாம். போகாதீர்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தாலே எங்கே எப்போது வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். மாட்டினால் வேலை போவதோடு நிற்காது. சான்றை நம்பித்தான் பாதுகாப்புத் துறையே நடக்கிறது. தன் சான்றையே பொய்யாக்கியவர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கையை யார் நம்புவார்?

சேர்ந்த முதல் வருடம்

பக் ரிப்போர்ட் ஒன்றை ஒழுங்காக எழுதினால் உங்கள் பெயர் நிற்கும். எந்த பில்ட், என்ன படிகள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, லாக் எங்கே. ‘வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரி எழுதினால் டெவலப்பர் திருப்பி அனுப்புவார், அதில் அவர்மேல் தப்பில்லை. ஆளைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் அதில் வரக் கூடாது.

ஒரு சோதனை ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில் என்று ஆடினால், பச்சை வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டிவிட்டு நகரும் பழக்கம் பல டீம்களில் இருக்கிறது. அதை மட்டும் பழகாதீர்கள். தெராக்கின் கோளாறும் எப்போதோ ஒருமுறை தலைகாட்டியதுதான். ஆட்டம் சோதனையில் இருக்கிறதா மென்பொருளில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும்வரை அது திறந்த கேள்வி என்று எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு தேவைக்கும் எந்தச் சோதனை, ஒவ்வொரு சோதனையும் எந்தத் தேவைக்கு என்று இருபக்கமும் கோக்கும் அட்டவணை உண்டு. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். எந்தத் தேவையோடும் சேராத சோதனையும், எந்தச் சோதனையும் இல்லாத தேவையும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

ரிலீஸ் தேதி நெருங்கும்போது மேலாளர் கேட்பார்: “எல்லாம் முடிஞ்சுதா? சைன்-ஆஃப் போட்டுடலாமா?” முடியாததை முடிந்தது என்று சொல்லாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். மெயிலில் மூன்று பத்தி போதும்: எவை சோதிக்கப்பட்டன, எவை தேறவில்லை, எவை இன்னும் சோதிக்கப்படவில்லை. மூன்றாவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முடிவை மேலாளர் எடுக்கட்டும், ஆனால் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதை எழுதத் தைரியம் வேண்டும். பக்கத்து சீட் சீனியர் அக்காவையோ அண்ணனையோ ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

செயற்கை நுண்ணறிவு டெஸ்ட் கேஸ் எழுதித் தருமே, நமக்கு வேலை இருக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது எழுதித் தரும், வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்த தேவை வரியை வைத்து நூறு கேஸ் அடுக்கும். கார்டிங் சிலிண்டர் மோட்டார் நின்ற பிறகும் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரிந்தால்தான், அதில் ஒரு கேஸ் குறைகிறது என்று கண்டுபிடிப்பீர்கள்.

திண்டுக்கல் வட்டாரத்துக் கல்லூரித் துறைத் தலைவர்களிடமும் மில் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட் என்ற பெயரில் ஆண்டுதோறும் மாணவர்கள் எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய அதே வருகைப்பதிவு ஆப்பைத்தான் சமர்ப்பிக்கிறார்கள். அதற்குப் பதிலாக நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை ஒரு வாரம் கார்டிங், ப்ளோரூம் பக்கம் அனுப்புங்கள். ஃபிட்டரின் பக்கத்தில் நின்று, எந்தெந்த மூடி எந்தெந்த நிலையில் திறக்கக் கூடாது என்று எழுதட்டும். திரும்பி வந்து போலி எந்திரம் கட்டி, பைடெஸ்டில் சோதித்து, அறிக்கையைக் கல்லூரிக்கும் மில்லின் பாதுகாப்பு அதிகாரிக்கும் கொடுக்கட்டும். மாணவருக்கு நேர்முகத் தேர்வில் பேச ஒரு நிஜமான புராஜெக்ட் கிடைக்கும். மில்லுக்குத் தன் எந்திரத்தில் இதுவரை யாரும் கேட்காத சில கேள்விகள் கிடைக்கும். இதற்கு அனுமதிக் கடிதம் ஒன்று தவிர வேறு செலவில்லை. வரும் பருவத்திலேயே தொடங்குங்கள்.